ஓட்டமும் இளைப்பாற்றலும்

திருச்சிற்றம்பலம்

இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடையே கிடக்கும் பெருவழி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளமுடையது. மேற்கே மலைத்தொடர் உடன்வர, தென்னந்தோப்பும் வயலும் நூற்பாலையும் மாறிமாறித் தோன்றும் அவ்வழியில், ஞாயிறுதோறும் மடவார்விளாகம் வைத்தியநாதப் பெருமானின் காலைப் பூசை காணும்பொருட்டு யான் பல்லாண்டு நடந்துள்ளேன். முழங்கால் நோவு கண்டபின் பேருந்திற் செல்கின்றேன். அங்ஙனம் செல்லும்போது, தனித்தும் இருவர் மூவராகவும் அவ்வழியே ஓடிச் செல்வாரைக் காண்டல் இக்காலத்து இயல்பாயிற்று. நம் இளமையில், காரணமின்றி ஒருவன் பெருவழியில் ஓடினால் கள்வனோ, கள்வனைத் துரத்துவோனோ என்று ஊரார் ஐயுறுவர். இன்று எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அவ்வாறு ஓடுவாருள் ஒருவர், யான் பள்ளியில் தமிழ் கற்பித்த நாளில் என்பாற் பயின்றவர். பெத்தவநல்லூர் மாயூரநாதர் திருமுன்னின்று புறப்பட்டு வைத்தியநாதர் கோயில் வாயிலில் ஓட்டத்தை முடிப்பது அவர் வழக்கம். மாயூரநாதர் தாய்வடிவில் வந்து ஒரு பெண்ணின் மகப்பேற்றுக்கு உதவினார் என்பது அத்தல வரலாறு. வைத்தியநாதரோ திருமலை நாயக்கரின் வயிற்றுநோயைத் தீர்த்தருளினார் என்பர். ஆதலின், “பிறப்புக்குத் துணைநின்றார்பால் தொடங்கி நோய் தீர்ப்பார்பால் முடிக்கின்றீர், நல்ல ஏற்பாடுதான், தம்பி” என்று ஒருநாள் வேடிக்கையாகக் கூறினேன். அவர் நகைத்திலர். முன்மண்டபத்துத் தூணிற் சாய்ந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு கூறலானார்:

“ஐயா, என் தந்தையார் 49-ஆம் வயதில் இறந்தார். சத்திரப்பட்டியில் காயம் கட்டும் துணி நெய்யும் தறியின்முன் நின்றவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அமர்ந்தார், பின்னர் எழவில்லை. எனக்கு இப்பொழுது வயது 46. மூன்றாண்டுக்கு முன்னர்தான் ஓடத் தொடங்கினேன். சாநாள் கருவிலேயே வரையறுக்கப்பட்டது என்று தாங்கள் வகுப்பில் ஒருநாள் கூறியது இன்னும் செவியில் நிற்கின்றது. அங்ஙனமாயின் யான் ஓடுவது வீணன்றோ? வீணென்று தெரிந்தும் விட முடியவில்லையே, அஃது ஏன்?”

அன்று யான் கூறிய விடை எனக்கே நிறைவு தரவில்லை. அதனை மீண்டும் ஆராய்ந்து பார்க்கவே இதனை எழுதப் புகுந்தேன்.

முதல் வினா எளிது. ஊதியம், நட்டம், சுகம், நோய், கிழத்தனம், இறப்பு என்னும் ஆறும் உயிர் கருவிற் புகும்போதே அமைந்தன என்று சிவஞானசித்தியார் கூறுவது உண்மையே. வகுப்பில் அதனைமட்டும் கூறி, அதனையடுத்து ஆசிரியர் கூறியதனை விட்டமை என் பிழை. முன்செய்த முயற்சியே இன்று பயனாய் வருகின்றது. இன்று செய்யும் முயற்சி இனி வருவதற்கு வித்தாகின்றது என்பதே அவ்விடத்து ஆசிரியர் கருத்து. பிராரத்தம் என்று நாம் கூறுவது பண்டு நாமே செய்த முயற்சியன்றிப் பிறிதொன்றன்று. அதனை நுகருங்கால் ஆகாமியம் ஏறுகின்றது. ஆதலின் ஊழை நம்புகின்றவன் முயற்சியை இகழ்தல், தந்தையை வணங்கிப் பாட்டனை வைவது போலும். மருந்துண்பானும் பசித்துண்பானும் ஊழினின்றும் புறத்தே நின்று அவற்றைச் செய்கின்றாரல்லர். ஓடுவானும் அங்ஙனமே. இறுதிநாள் இன்னதென்று அறியாத நமக்கு, அந்நாள்காறும் கருவியைச் செவ்விதின் வைத்திருத்தல் கடமையேயாம். என்னை? தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் உயிரின் பொருட்டு இறைவன் கூட்டிக் கொடுத்தவை ஆதலின். இரவல் வாங்கிய மண்வெட்டியைத் துருப்பிடிக்க விடுதல் நன்றியன்று.

இஃது அவருக்கு உடன்பாடாயிற்று. எனினும் அவர் முகம் தெளியவில்லை. ஊழும் முயற்சியும் பற்றியதன்று அவருடைய ஐயம் என்பது பின்னரே எனக்குப் புலனாயிற்று.

வேறொரு ஞாயிற்றில் அவர் கூறியது: “பத்தாவது கிலோமீட்டர் அளவில் உள்ளே ஒன்று ‘நில்’ என்கின்றது, மற்றொன்று ‘நில்லாதே’ என்கின்றது. இரண்டும் என் குரலாகவே கேட்கின்றன. இவற்றுள் யான் யார்?” ஓடும் வழக்கமுடையார் பலர்க்கும் இது நிகழும்போலும். நெடுந்தொலை ஓடுவாருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டரளவில், ஈரலிலும் தசையிலும் சேமித்துவைத்த சர்க்கரை செலவாகிவிடுகின்றது. பின்னர் உடல் கொழுப்பை மெல்ல மெல்ல எரித்தே இயங்கவேண்டும். அப்பொழுது கால் இரும்பாய்க் கனக்கின்றது. சுவரில் முட்டியது போலும் என்று அவர் அதனைக் கூறுவர். தென்னாப்பிரிக்க நாட்டு உடலியல் அறிஞர் டிம் நோக்ஸ் என்பார், உடல் முற்றும் ஓய்வதற்கு முன்னரே மூளை ‘களைத்தாய்’ என்னும் உணர்வை எழுப்பி உடலைக் காக்கின்றது என்பர். அதனை மறுப்பாரும் உளர். அறிவியலார் வழக்கை அவர்களே தீர்த்துக்கொள்க. நமக்கு வேண்டுவது வேறு. நில்லென்று கூறுவது மூளையே ஆயினும் மனமே ஆயினும், அக்கூற்றைக் கேட்டு அதற்கு இணங்கவோ இணங்காதிருக்கவோ வல்லது ஒன்று உண்டன்றோ? மெய்கண்டதேவர் சிவஞானபோதத்து மூன்றாஞ் சூத்திரத்தில் உயிருண்மையை நிறுவுங்கால், ‘என் உடல்’ என்று ஒருவன் கூறுதலையே ஒரு காரணமாகக் காட்டினார். ‘என் வீடு’ என்பான் வீடு ஆகாமை போல ‘என் கால் சோர்ந்தது’ என்பானும் கால் ஆகான். நான்காஞ் சூத்திரத்தில் மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களும் உயிரல்ல என்று பிரித்தார். நில் என்பது மனம். நில்லாதே என்பது பெரும்பாலும் அகங்காரம். ஓடுவார் பலர் இவ்விரண்டாவதனையே தம் மெய்யான ஆண்மை என்று மயங்குவர். பந்தயத்திற் பதக்கம் கொடுப்பாரும் அம்மயக்கத்தையே வளர்க்கின்றனர் என்பது என் எண்ணம். அவ்விரண்டையும் கேட்டுநிற்பது எதுவோ அதுவே நீர் என்று அவர்க்குக் கூறினேன்.

அவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், “அது கேட்டுக்கொண்டிருக்கும்போது மூச்சு தறியோசைபோல் வருகின்றது, ஐயா” என்றார். அதற்கு யான் ஒன்றும் கூறவில்லை.

சாவினின்றும் ஓடித் தப்புதல் என்னும் எண்ணம் உலகெங்கும் உண்டு. கிரேக்க நாட்டில் கி.மு. 490-இல் மாரத்தான் என்னும் களத்தில் வென்ற செய்தியைத் தூதன் ஒருவன் ஏதென்ஸ் நகர்க்கு ஓடிவந்து கூறி, கூறிய அளவிலே வீழ்ந்து இறந்தான் என்பர். அக்கதையை நினைந்தே 1896-இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக்கில் மாரத்தான் ஓட்டத்தை வகுத்தனர். இக்காலத்து அதன் அளவு 42.195 கிலோமீட்டர். ஆனால் அப்போர்க்கு அண்மைக் காலத்தவராகிய எரோடோட்டசு என்னும் வரலாற்றாசிரியர், தூதன் ஒருவன் ஏதென்ஸிலிருந்து ஸ்பார்த்தாவுக்கு ஓடியதனை மட்டுமே கூறினர். அவன் வீழ்ந்திறந்ததைக் கூறிற்றிலர். இறப்பு பல நூற்றாண்டு கழித்து வந்தோர் நூல்களிலேயே காணப்படுகின்றது. ஓடினவன் பிழைத்துச் சோறுண்டு உறங்கினான் என்றால் மாந்தர்க்குக் கதை சுவைப்பதில்லை போலும்!

நம் காலத்திலே பஞ்சாபினராகிய பௌஜா சிங் என்பார் உலகறிந்த முதியவர். மனைவியையும் பின்னர் மைந்தன் ஒருவனையும் இழந்த துயரத்தினின்றும் எழும்பொருட்டு, எண்பது கடந்தபின் ஓட்டத்தை மேற்கொண்டார். 2000-ஆம் ஆண்டில் இலண்டன் மாரத்தானை ஓடினார். 2011-இல் டொராண்டோ நகரில் முழு மாரத்தானையும் ஓடி முடித்தபோது தமக்கு நூறு வயது என்றார். பிறப்புச் சான்று இல்லாமையால் சாதனைப் பட்டியலார் ஏற்றிலர், அதனாற் குறைவொன்றுமில்லை. அவர் 2025 சூலை 14-இல் தம் ஊர்க்கருகே சாலையில் ஊர்தி மோதி இறந்தார். அத்துணை நெடுந்தொலை ஓடிய கால்கள் ஒரு சாலையைக் கடக்கும்போது நின்றன. இச்செய்தியை என் மாணாக்கரே எனக்குக் கூறினார். கூறி, “பார்த்தீர்களா ஐயா” என்றார். ‘ஓடியும் பயனில்லை’ என்பது அவர் கருத்தாயிருக்கலாம். எனக்கோ வேறு தோன்றிற்று: அம்முதியவர் சாவினின்றும் தப்ப ஓடியவரல்லர், துயரத்தைச் சுமந்துகொண்டு ஓடியவர். இரண்டும் ஓட்டமே ஆயினும் ஒன்றன்று.

இனி, நம் சைவர்க்கே உரிய ஓட்டம் ஒன்றுண்டு. அதனை அறியாத அன்பர் பலர் உளர் ஆதலின் சிறிது விரித்துக் கூறுவேன். பண்டு திருவிதாங்கூர் அரசின்கீழ் இருந்து, 1956 நவம்பர் முதல் நாளில் அந்நாளைய சென்னை மாநிலத்தோடு இணைந்த கன்னியாகுமரி மாவட்டத்தில், மாசித் திங்கள் மகாசிவராத்திரியை ஒட்டிப் பன்னிரண்டு சிவாலயங்களையும் ஓடியே சென்று வழிபடுவர். முன்சிறைத் திருமலை, திக்குறிச்சி, திற்பரப்பு, திருநந்திக்கரை, பொன்மனை, பன்னிப்பாகம், கல்குளம், மேலாங்கோடு, திருவிடைக்கோடு, திருவிதாங்கோடு, திருப்பன்றிக்கோடு, திருநட்டாலம் என்பன அவை. வழி நூறு கிலோமீட்டருக்கும் மேற்பட்டது. காலிற் செருப்பின்றி, காவியோ மஞ்சளோ தோய்த்த ஆடை உடுத்து, இறைவனுக்கு வீசும்பொருட்டுப் பனையோலை விசிறி ஒன்றைக் கையிலேந்தி, சிவராத்திரிக்கு முந்திய நாள் தொடங்கிச் சிவராத்திரி இரவுவரை ஓடுவர். கோயில்தோறும் நீராடி ஈர ஆடையொடு தொழுவர். இதனைச் சிவாலய ஓட்டம் என்ப. அவர் ஓடுங்கால் எழுப்பும் முழக்கமோ “கோவிந்தா, கோபாலா” என்பது! இதனைக் கேட்டு முகஞ்சுளிக்கும் சைவப் பெரியார் சிலரை யான் அறிவேன். கதையை அறிந்தால் சுளியார்.

தருமர் செய்யும் வேள்விக்குப் புருடாமிருகத்தின் பால் வேண்டியிருந்தது. அது பாதி மாந்தனும் பாதி விலங்குமாய வடிவினது. சிவனிடத்து நீங்காப் பத்தியுடையது. திருமாலின் பெயரைச் செவியிற் கேட்கவும் பொறாதது. கண்ணபிரான் வீமனிடம் பன்னிரண்டு உருத்திராக்கங்களைக் கொடுத்து, “அஃது அணுகிப் பற்ற வரின் ஒன்றைக் கீழே இடுக” என்று அனுப்பினார். வீமன் “கோவிந்தா, கோபாலா” என்று கூவியவாறு சென்று பால் கறக்க முயன்றான். மிருகம் சினந்து துரத்திற்று. அது நெருங்கும்போதெல்லாம் வீமன் ஓர் உருத்திராக்கத்தை இட்டான். இட்ட இடத்தில் சிவலிங்கம் தோன்றிற்று. மிருகம் தன் சினத்தை மறந்து நின்று, நீராடி, வழிபாடு முடித்த பின்னரே மீண்டும் துரத்திற்று. பன்னிரண்டாவதும் இட்டாயிற்று. வீமனது ஒரு கால் அம்மிருகத்தின் எல்லைக்கு வெளியேயும் ஒரு கால் எல்லைக்குள்ளேயும் இருந்தபோது அது பற்றிக்கொண்டது. வழக்குத் தருமரிடம் சென்றது. உடன்பிறந்தான் என்றும் பாராமல், எல்லைக்குள் நின்ற பாதியுடல் மிருகத்திற்கே உரியது என்று அவர் தீர்ப்புக் கூறினார். அந்நடுவுநிலைமை கண்டு மகிழ்ந்து மிருகம் வீமனை விடுத்தது என்பர்.

இக்கதையைச் சிறுவர்க்குரியதென்று கழித்தல் தகாது. பல நாள் இதனை நினைந்து யான் கண்டவை இரண்டு. ஒன்று, வீமனைக் காத்தவை அவன் கால்களல்ல. ஆயிரம் யானை வலியுடையவனும் ஓட்டத்தால் ஓர் அடியும் தப்பினானில்லை. துரத்தியது நின்றமையால் தப்பினான். துரத்தியதோ சிவனடிமை. நம்மைத் துரத்தும் காலனும் அத்தகையவனே. திருக்கடவூரிலே மார்க்கண்டேயர் பொருட்டு உதையுண்டு வீழ்ந்தவன், பின்னர்ப் பெருமான் அருளாலேயே எழுப்பப்பட்டான். என்னை? இறப்பின்றிப் பிறப்பேயாய் நிலமகள் பொறையாற்றாது வருந்தினமையின். காலன் இறைவனுக்குப் பகைவனல்லன். அவன் இட்ட பணியைச் செய்யும் ஏவலாளன். மற்றொன்று, பாதியுடல் மிருகத்திற்கு உரியது என்னும் தீர்ப்பு. என் மாணாக்கர் இரண்டு காலையும் எல்லைக்கு வெளியே வைத்துவிட ஓடுகின்றார். அஃது எவர்க்கும் இயலாது. பிறந்த அன்றே ஒரு கால் உள்ளே இருக்கின்றது.

1996-ஆம் ஆண்டு மாசியில் யானும் ஓடினேன். அப்பொழுது எனக்கு முழங்கால் நோவு இல்லை, செருக்கு இருந்தது. மடத்திற் பயின்ற நாளில் ஆசிரியர் முன் நாள்முழுதும் நின்று பாடம் ஒப்பித்த கால்கள் இவை, இவற்றால் இயலாததென்ன என்று எண்ணினேன். ஆறு கோயில்களையும் கடந்து, மறுநாள் உச்சிப்பொழுதில் பதுமநாபபுரத்துக் கல்குளம் நீலகண்டசுவாமி கோயிலை அடைந்தேன். தெப்பக்குளத்தில் இறங்கி நீராடி ஏறுகையில் கால் மடங்கிற்று. படியில் அமர்ந்தவன் எழ இயலவில்லை. ஓடிவந்த கூட்டம் என்னைக் கடந்து கடந்து சென்றது. நாணத்தாற் கண்ணை மூடிக்கொண்டேன். சிறிது பொழுதில் முகத்தில் காற்று வீசிற்று. விழித்துப் பார்த்தால், எழுபது வயதிற்குக் குறையாத முதியவர் ஒருவர் தம் பனையோலை விசிறியால் எனக்கு வீசிக்கொண்டிருந்தார். “ஐயா, இது சுவாமிக்குரியதன்றோ” என்றேன். அவர் அந்நாட்டுப் பேச்சில், “இருந்து எளைப்பாறும் பிள்ளே, அவரு எங்கயும் போகமாட்டாரு” என்று கூறி, இன்னும் சிறிது வீசிவிட்டு, எழுந்து ஓடினார். யான் கல்குளத்துப் பெருமானைத் தொழுது பேருந்தேறி ஊர் திரும்பினேன். எஞ்சிய ஐந்து கோயில்களையும் இன்றுவரை ஓடிக் கண்டிலேன்.

‘இளைப்பாறும்’ என்னும் அச்சொல்லை யான் மடத்தில் நூறுமுறை படித்திருந்தேன். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தொழிலுக்கும் நம் ஆசிரியர் பயன் கூறுவர். அழித்தலின் பயன் யாது? பிற சமயத்தார் பலர்க்கு இவ்விடத்தில் நா எழாது. சிலர் சினம் என்பர். சிலர் தண்டம் என்பர். சித்தாந்திகளோ, உயிர்கள் பிறந்தும் இறந்தும் வினையை ஈட்டியும் நுகர்ந்தும் களைத்தன, அவற்றின் இளைப்பை ஒழிக்கவே இறைவன் உலகை ஒடுக்குகின்றான் என்பர். பகல் முழுதும் ஆடிய குழந்தையைத் தாய் தொட்டிலில் இடுதல் போல்வது அது. பாடமாய் அறிந்த இதனை, கல்குளத்துப் படியில் ஓலை விசிறியின் காற்றுப் பட்டபோதே பொருளாய் அறிந்தேன். களைத்தவனுக்கு நிறுத்தம் தண்டனையன்று. ஓட்டத்தைத் தந்தவனே இளைப்பாற்றலையும் தருகின்றான். இரண்டிற்கும் உடையான் ஒருவனே.

அற்றேல், களைத்தோம் என்று எண்ணியவுடன் தாமே உயிரை முடித்துக்கொள்ளலாமோ எனின், ஆகாது. ஒடுக்குதல் அவன் தொழில், நம் தொழிலன்று. தொட்டிலில் இடுவது தாயின் கை. கருவி நம்மிடத்து உள்ளவரை ஓட்டமே நம்முடையது.

இதனை என் மாணாக்கர்க்கு மகிழ்ச்சியோடு கூறினேன். கூறிமுடித்து அவர் முகத்தை நோக்கினேன். அவர் கூறியது இது: “தங்களுக்கு இளைப்பு இருந்தது, ஐயா. விசிறியும் வந்தது. என் தந்தையார் இளைக்கவே இல்லையே. அன்று காலையிற்கூடப் பாவுநூல் சுமையைத் தனியே தூக்கி இறக்கினார். தங்கைக்கு நகை வாங்கப் பணம் எண்ணி வைத்திருந்தார். இளையாதவர்க்கு என்ன இளைப்பாற்றல்?”

இத்தடையை யான் எதிர்பார்த்திலேன். நூல்வழி விடை உண்டு. சங்காரம் என்று ஆசிரியர் கூறியது தத்துவங்களெல்லாம் மாயையில் ஒடுங்கும் பேரொடுக்கத்தை. ஒருவருடைய இறப்பு அதன் சிறு சாயலேயாம். இளைப்பு என்றதும் இப்பிறப்பில் இவ்வுடம்பு கண்ட சோர்வையன்று. எண்ணிறந்த பிறவிகளில் உழன்ற உயிரின் சோர்வை. தறியின்முன் நின்ற 49 வயதுடைய உடம்பு களைக்கவில்லை ஆயினும், அதனுள் நின்ற உயிர் எத்தனை உடம்புகளைக் கடந்து வந்ததென்று யார் அறிவார்? இவ்விடை சாத்திரத்திற்குப் பொருந்தியது. இதிற் பிழையொன்றும் யான் காணேன். எனினும் இதனை அவரிடம் கூறிய உடனே நாணினேன். தந்தையை இழந்த பிள்ளைக்கு, ‘உம் தந்தை எண்ணிறந்த பிறவிகளிற் களைத்தவர்’ என்பது, பசித்து வந்தவனுக்கு நெல்லின் விளைவைக் கணக்கிட்டுக் காட்டுதல் போன்றது. கணக்குச் சரியே, சோறன்று.

சாத்திரம் பயின்ற நம்மனோர்க்குப் பெரிய இடையூறு ஒன்றுண்டு. பிறர் துன்பத்தின்முன் விரைந்து விடை கூறிவிடுகின்றோம். அம்முதியவர் கல்குளத்தில் எனக்குச் சித்தாந்தம் உரைத்திலர், வீசினார். உரைத்திருப்பாராயின் யான் கேட்டிருக்கமாட்டேன்.

அன்றிரவு துயில் வரவில்லை. நாவுக்கரசு அடிகளின் கயிலைச் செலவை நினைந்துகொண்டிருந்தேன். முதுமையிலே கயிலை காணும் வேட்கையோடு திருக்காளத்தியினின்றும் புறப்பட்ட அடிகள், காசியில் உடன்வந்தாரை நிறுத்தித் தனியே சென்றார். அடிகள் தேய்ந்தன, கைகளால் தாவிச் சென்றார். கைகள் கரைந்தன, மார்பினால் உந்திச் சென்றார். மார்பும் சிதைய உருண்டு சென்றார். அதுவும் ஒழியக் கிடந்தார். இறைவன் முனிவராய் வந்து, மாந்தர் உடம்பொடு கயிலை காண்டல் அரிது, மீள்க என்றபோதும் மீளேன் என்றார். இவ்வரலாற்றைச் சொற்பொழிவுகளில் பலமுறை கூறி அவையோர் கண்கலங்கக் கண்டுள்ளேன். ‘விடாமுயற்சி’ என்று தலைப்பிட்டு மாணாக்கரைக் கட்டுரையும் எழுதச் செய்துள்ளேன். அன்றிரவே இதன் முடிவு எனக்குப் புதிதாய்ப் பட்டது. அடிகள் அத்துணை பொறுத்தும் கயிலைமலையை அடைந்தாரல்லர். இறைவன் தேய்ந்த உறுப்புகளைத் திரும்பத் தந்து, எழுப்பி, அங்கிருந்த பொய்கையில் மூழ்குக என்றான். மூழ்கியவர் எழுந்தது சோழநாட்டுத் திருவையாற்றில். கயிலைக் காட்சி கிடைத்தது, தாம் விட்டுப் புறப்பட்ட தமிழ்நிலத்திலே.

அங்ஙனமாயின் அவர் நடந்த வழியெல்லாம் வீணோ? வீணென்று எந்தச் சைவனும் கூறான். வழி அவரை மலைக்குக் கொண்டுசெல்லவில்லை; ஆயினும் அவ்வழி செல்லாதார்க்குப் பொய்கை இல்லை. பொறுத்தல் வேறு, பெறுதல் வேறு. பொறுத்தமைக்குக் கூலியாகப் பெறுவதன்று அருள். இவ்வளவு ஓடினேன், இத்துணை ஆண்டு கொடு என்று கேட்கும் வணிகம் ஓட்டத்தில் இல்லை. அவருடைய தந்தையார் தறிமுன் நின்றது, நாற்பத்தொன்பதுக்குமேல் ஆண்டுகள் கிடைக்காமையால் குறைந்துவிடவில்லை. அவர் நெய்த துணி எத்தனையோ பேர் புண்ணைக் கட்டியிருக்கும்.

அடுத்த ஞாயிற்றில் இதனையெல்லாம் அவரிடம் கூறவேண்டும் என்று எண்ணிச் சென்றேன். அவர் வழக்கம்போல் மாயூரநாதர் கோயிலினின்றும் ஓடிவந்து மடவார்விளாகம் வாயிலில் நின்றார். மூச்சு அடங்கும்வரை இருவரும் ஒன்றும் பேசவில்லை. உள்ளே பூசை மணி ஒலித்தது. என் மேலாடையால் அவர்க்குச் சிறிது வீசினேன். “வேண்டாம் ஐயா, தாங்கள் போய்…” என்று கூச்சத்தோடு தடுத்தார். “இரும் தம்பி” என்றேன்.

வழிபாடு முடிந்து வெளியே வந்தபின், சிவாலய ஓட்டம் பற்றி அவரே கேட்டார். எத்தனை நாள் நோன்பு, இரவில் வழி தெரியுமா, வெறுங்காலுடன் இயலுமா என்றெல்லாம் வினவினார். அறிந்தவற்றைக் கூறினேன். திற்பரப்பில் அருவிநீர் குளிராயிருக்கும் என்றும், தொடக்கத்தில் விரைதல் கூடாது என்றும், வழியோரத்து ஊரார் தரும் மோரையும் பானகத்தையும் மறுக்கவேண்டா என்றும் கூறினேன். தந்தையாரின் பெயரைச் சொல்லி ஓடலாமா என்று கேட்டார். முழக்கத்தில் கோவிந்தன் பெயரையே ஏற்றுக்கொண்ட பெருமான் இப்பெயரை மறுக்கமாட்டான் என்றேன். அன்றுதான் அவர் நகைத்தார்.

வரும் மாசியில் அவர் முன்சிறையிலிருந்து ஓடுகின்றார். யான் பேருந்தில் பதுமநாபபுரம் சென்று கல்குளத்துத் தெப்பக்குளப் படியில் இருப்பேன். விசிறி ஒன்று வாங்கி வைத்துள்ளேன்.

திருச்சிற்றம்பலம்